பதினொரு உருளைக்கிழங்கு

"நான் கொட்டலைங்க. ஒவ்வொன்னாத்தான் வச்சேன். கரண்டியில எடுத்து, மரியாதையா."

உடப்புசல்லாவைக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எதுவுமே கேட்கவில்லை. அவர் பாட்டுக்கு மடியில் ஒரு முட்டைக்கோசை வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். ஆனாலும் செல்லசாமிக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

அறுபத்தைந்தாம் வருசம் நுவரெலியாவில் ஒரு பெரிய ஹோட்டலில், ஹோட்டல் வேலைக்கு ஆறு மாதப் பயிற்சி வகுப்பு நடந்தது. தேயிலைத் தோட்டத்து லயங்களிலிருந்து, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, அதில் சேர்ந்த முதல் ஆள் செல்லசாமிதான். பாஸானால் வெள்ளைக் கோட்டும் அங்கேயே வேலையும். பெயிலானால் விடியலில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு மலையேற வேண்டும்.

மற்றதில் எல்லாம் கெட்டிக்காரன். மேசையில் வைக்கிற கைத்துணியை அன்னப்பறவை மாதிரி மடிப்பான். கட்டில் விரிப்பைச் சுருக்கமில்லாமல் போட்டுவிட்டு, அதில் யாரையும் படுக்க விடமாட்டான். மாட்டிக்கொண்டது பரிமாறுகிற பரீட்சையில்தான்.

கொழும்பிலிருந்து வந்த பரீட்சைக்காரர் ஒல்லியான மனிதர். இரண்டு உருளைக்கிழங்கு வைத்ததும் "இனஃப்" என்றார். செல்லசாமி சிரித்துக்கொண்டே மூன்றாவதை வைத்தான். லயத்தில் விருந்தாளி ஒரு தடவை போதும் என்றால் அது மரியாதை. இரண்டாம் தடவை சொன்னால் கூச்சம். தட்டின் மேல் கையை விரித்து மறைத்தால்தான் வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். இந்த மனிதரோ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினொன்றாவது கிழங்கு தட்டில் இடமில்லாமல் உருண்டு அவர் மடியில் விழுந்தது.

வகுப்பு நடத்திய துரைராசா மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். "அந்தாள் போதும் எண்டு சொன்னவர்தானே? ஏன் நிப்பாட்டேல்லை?"

"கையை வச்சு மறைக்கலையே சார்."

மாஸ்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு பரீட்சைக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, அடுத்த வெள்ளிக்கிழமைக்கு இன்னொரு வாய்ப்பு வாங்கிக் கொடுத்தார். முதல் 'போதும்' காதில் விழுந்ததுமே நிறுத்திவிட வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பினார்.

அன்றைக்குத்தான் அந்த பஸ்ஸில் ஊருக்கு வந்தான்; ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒத்திகை. அம்மா ராக்காயிதான் விருந்தாளி. முதல் கரண்டிச் சோறு விழுந்ததும், வழக்கம்போல மரியாதைக்கு "போதும்பா" என்றாள். செல்லசாமி சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

ராக்காயி தட்டைப் பார்த்தாள். "பெத்தவளுக்கே இவ்வளவுதானாடா? இதைப் படிக்கத்தான் ஆறு மாசம் போனியா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த வீட்டுப் பேச்சியம்மாவிடம் போய்ச் சாப்பிட்டாள். டவுனுக்குப் போன செல்லசாமி சோறு போடாமல் இருக்கப் படித்து வந்திருக்கிறான் என்று பொழுது சாய்வதற்குள் மூன்று லயமும் பேசியது. பேச்சியம்மா மட்டும், தீபாவளிக்குத் தன் நாத்தனார் குடும்பம் வரும்போது அவனே வந்து பரிமாற வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை அதே மனிதர் வந்தார். இரண்டாவது கிழங்கிலேயே அதே "இனஃப்". செல்லசாமியின் கை தானாக மூன்றாவதுக்குப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு கரண்டியைத் திருப்பி, பாத்திரத்தோடு நகர்ந்துவிட்டான். மனிதர் இரண்டையும் தின்றார். காலித் தட்டைப் பார்த்தார். பாத்திரம் போன பக்கமும் ஒரு தடவை பார்த்தார். பிறகு பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மாஸ்டர் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். கோட்டுக்கு அளவெடுக்கத் தையல்காரரும் வந்து நின்றார். செல்லசாமியோ வாசலில் காரில் ஏறுகிற பரீட்சைக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாஸாயிட்டேன், சரிதான் சார். ஆனா பாவம், அந்த மனுசன் பசியோடதானே போறாரு."