ஒருவருக்கு மட்டும் வீட்டுச் சாப்பாடு

எழுபதுகளின் கடைசியில், நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் ஆத்தூருக்கும் கிழக்கே. அப்பா அம்மா இல்லை. அண்ணன் குடும்பம் இருந்தது; போனால் சோறு போடுவார்கள், போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டார்கள். பட்டறைக்குப் பின்னாலேயே எனக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். பகலெல்லாம் மரம் அறுக்கிற சத்தம், தகடு தட்டுகிற சத்தம். சாயங்காலம் ஆட்கள் கைகால் கழுவிக்கொண்டு கிளம்பியதும் பாதி கட்டிய லாரிகளும் நானும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்துவிட்டு, மதியம் ஓட்டலில் "ஒரு சாப்பாடு" என்று சொல்லும்போது குரல் கட்டிக்கொண்டு வரும்.

பட்டறையில் லாரிகள் விலைக்கு நிற்கும்போது முதலாளி பத்திரிகையில் வரி விளம்பரம் கொடுப்பார். அதை எழுதிக் கடைவீதியில் இருந்த ஏஜென்டிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அவர் அதைச் சேலத்துக்குப் பஸ்ஸில் அனுப்புவார். சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். அதனால் ஏஜென்ட் பேனாவை வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டே வருவார். "நல்ல நிலையில் இருக்கக்கூடிய" என்று நான் எழுதிக்கொண்டு போனால் "நல்ல நிலை" என்று ஆகிவிடும்.

அந்தப் பழக்கத்தில் நான் வரி விளம்பரங்களை ஒன்று விடாமல் படிக்கிறவனாகிவிட்டேன். ஆயில் என்ஜின், கிணற்று மோட்டார், தையல் மெஷின், கோழிக் கூண்டு, டியூஷன், மணமகள். மற்ற பக்கங்களில் வருகிற மந்திரிகளையும் நடிகர்களையும் நான் எங்கே பார்க்கப்போகிறேன்? இந்தப் பக்கத்தில் இருக்கிறவர்களைச் சைக்கிளில் போய்ப் பார்த்துவிடலாம். வாங்குவதற்கு எதுவும் இல்லாமலே இரண்டொரு முறை போய்ப் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் டிரான்சிஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காப்பியும் குடித்துவிட்டு வந்தேன்.

ஓட்டல் சாப்பாட்டில் வயிறு கெட்டது. சாப்பிட்டதும் நெஞ்சுக்குக் கீழே நெருப்பு வைத்த மாதிரி எரியும். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "வீட்டுச் சாப்பாட்டுக்கு வழி பண்ணிக்கோங்க தம்பி" என்றார். அதற்கு அடுத்த வாரம் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். வீட்டுச் சாப்பாடு, ஒருவருக்கு மட்டும், நேரில் வரவும் என்று போட்டு, சேந்தமங்கலம் ரோட்டில் ஒரு கோழிப்பண்ணை விலாசம் கொடுத்திருந்தது. "ஒருவருக்கு மட்டும்" என்பதில் என் கண் நின்றது. காசு கொடுத்து அச்சடிக்கிற இடத்தில் யாரும் வேண்டாத வார்த்தையை விடமாட்டார்கள். அந்த வரியைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மதியம் வெயிலோடு சைக்கிளை மிதித்தேன்.

ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஓட்டு வீடு. பக்கத்தில் நீளமான கோழிக் கொட்டாய். வாசலில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் தீவன மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்காக வந்திருக்கிறேன் என்றேன்.

"சாப்பாடா? இங்கயா? ஊடு மாறி வந்துட்டீங்களாட்ட இருக்குதுங்க" என்றார்.

பையிலிருந்த பேப்பர் துண்டை எடுத்து நீட்டினேன். கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துப் படித்தார். பிறகு இன்னொரு தரம் படித்தார். விலாசம் அவருடையதுதான். என்னைப் பார்க்காமலே துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொட்டாய்க்குள் போய்விட்டார்.

திரும்பிவிடலாமா என்று நின்றபோது உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "உள்ள வாங்க சாமி. நாந்தான் போட்டனுங்க. வெயில்ல நிக்காதீங்க."

அந்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மாதம் இவ்வளவு என்று பேசிக்கொண்டோம். ஓட்டலில் ஆவதைவிடக் குறைவாகத்தான் கேட்டார். அன்றைக்கே இலை போட்டுவிட்டார். காரமில்லாத பருப்புக் குழம்பு, கீரை, மோர். ஒருவருக்கு மட்டும் என்று ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"மூணு பேருக்கு ஆக்குன கைங்க. ரெண்டு பேருக்கு ஆக்கத் தெரிய மாட்டேங்குது. தெனமும் மிச்சம் உழுகுது" என்றார்.

நான் பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்த மனிதரும் வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். அவருக்கும் பரிமாறினார். அப்போதுதான் கவனித்தேன், இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. சாப்பாடு முடிகிற சமயத்தில் அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னார்: "சாயந்தரம் முட்டை வண்டி வருதுன்னு அவங்ககிட்டச் சொல்லிப்போடுங்க சாமி."

அவர் எனக்கு ஒரு முழத்தில் உட்கார்ந்திருந்தார். சொல்லத்தான் வேண்டுமா என்று தெரியாமல் விழித்தேன். அவரும் சாப்பாட்டிலேயே கண்ணாக இருந்தார். கடைசியில், "சாயங்காலம் முட்டை வண்டி வருதாங்க" என்றேன்.

"செரீன்னு சொல்லுங்க" என்றார் அவர்.

அன்றிலிருந்து எனக்கு அந்த வேலை. மதியமும் இரவும் சைக்கிளில் போவேன். தவிட்டு லாரி வரவில்லை, மோட்டாருக்கு ஆள் கூட்டிவர வேண்டும், சம்பந்தி ஊட்டில் காதுகுத்து என்று அவர்கள் வீட்டுச் செய்தி முழுவதும் என் இலைக்கு மேலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகும். நான் இல்லாத நேரத்தில் என்ன செய்வார்கள்? தெரியாது. பெரும்பாலும் எனக்காகச் சேர்த்து வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நான் வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே இருவரும் ஆளுக்கொரு பக்கமிருந்து வருவார்கள்.

ஒருநாள் அவர், "உப்பு தூக்கலா இருக்குதுன்னு சொல்லுங்க" என்றார். எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. "குழம்பு நல்லா இருக்குதாங்க" என்றேன்.

"அவரு அப்படிச் சொல்ற ஆளு இல்லீங்க" என்றார் அந்த அம்மாள். எதிரே அவருக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

காரணத்தை அந்த அம்மாளே ஒரு மதியம் சொன்னார். வீட்டுக்காரர் கோழிக்கு ஊசி போட ஆள் கூப்பிடப் போயிருந்தார். அவர்களுக்கு ஒரு மகள், ஒரு மகன். மகள் கல்யாணமாகி ஈரோட்டுப் பக்கம் போய்விட்டாள். மகன் திருச்செங்கோட்டில் போர்க் கிணறு போடுகிற ரிக் வண்டியில் சேர்ந்து வடக்கே போனவன், நாக்பூர்ப் பக்கம் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான். அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சு நின்றுபோனது. அவன் விட்டுப்போன மோட்டார் சைக்கிள் முன்கட்டில் நின்றிருந்ததாம். அந்த அம்மாள் தினமும் அதைத் துடைத்து வைப்பாராம்.

"நான் எங்கண்ணன் ஊட்டுக்குக் கோயில் நோம்பிக்குப் போயிருந்தனுங்க. அங்க பேப்பரு கெடந்துச்சு. என்னமோ கண்ணுல பட்டுச்சுன்னு படிச்சுப் பாக்கறேன், மோட்டார் சைக்கிள் விக்கறதுக்குன்னு போட்டு எங்கூட்டு விலாசம் இருக்குதுங்க. எங்கூட்டு விலாசம்! அடுத்த பஸ்ஸுக்கே வந்தேன். வண்டி போயிருச்சு."

கொஞ்ச நேரம் மோர்ச் சட்டியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். அதுக்காவத்தான் சொல்லல. வண்டி போனா போவுதுங்க. பையன் இனி வரமாட்டான்னு ஊருக்கே அச்சடிச்சுக் குடுத்துட்டாரு. அன்னைக்கு நிறுத்துன பேச்சுதான். அப்புறம் எனக்கும் சொல்றதுக்கு ஒண்ணு இருந்துச்சு. நானும் பேப்பர்லயே போட்டேன்."

நான் முதல் நாள் துண்டை நீட்டியபோது அவர் ஏன் அப்படி உள்ளே போனார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அவரும் ஒரு தடவை பேசினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது ரோடு வரைக்கும் கூட வந்தார். "அந்த வண்டியத் தொடைக்கறதப் பாத்துட்டு எத்தன நாளைக்குங்க இருக்கறது?" என்றார். அவ்வளவுதான். இதை அந்த அம்மாளிடம் சொல்லச் சொல்கிறாரா என்று பார்த்தேன். அவர் திரும்பி நடந்துவிட்டார். நான் சொல்லவில்லை.

உண்மையைச் சொன்னால், அந்த மாதங்களில்தான் நான் அந்த ஊரில் இருப்பதாகவே உணர்ந்தேன். வயிறு சரியானது ஒரு பக்கம். நான் தாமதமானால் ரோட்டைப் பார்க்கிறவர்கள் இருந்தார்கள். அவர்கள் பேசியது என்னிடம் இல்லை, என் வழியாக. அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் மதியம் எப்போது வரும் என்று இருந்தது.

சித்திரையில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வந்தது. போய்த்தான் ஆக வேண்டும். போன இடத்தில் கூட்டத்தோடு கூட்டமாகப் பந்தி பரிமாறிவிட்டு, ஒரு வாரம் கழித்துத் திரும்பினேன். மதியம் நேராகக் கோழிப்பண்ணைக்குத்தான் போனேன். சைக்கிளை நிறுத்தும்போதே உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

உள்ளே அவர்கள் இருவர்தான். தகரம் எந்தக் கடையில் வாங்குவது என்று வாக்குவாதம்.

"வாங்க சாமி, வாங்க" என்று இலை போட்டார் அந்த அம்மாள். முகம் வேறு மாதிரி இருந்தது. "நீங்க போன மூணாம் நாளு காத்தும் மழையுமா அடிச்சுது பாருங்க, சாயந்தரமா. கொட்டாய்த் தகரம் பாதி பேந்து ஆடுது. கோழியெல்லாம் கத்துது. இவரு ஊட்டுக்குள்ள கணக்குப் போட்டுட்டு உக்காந்திருக்காரு. நான் யாருகிட்டச் சொல்லிவுடறது? ஏனுங்க, தகரம் போவுதுங்கன்னு கத்திப்போட்டேன்."

"இப்படியா கத்துவா? நான் பாம்பு கடிச்சுப்போச்சுன்னே ஓடியாந்தேன்" என்றார் அவர்.

"கயித்த நான் ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம் புடிச்சுக்கிட்டு மழை உடற வரைக்கும் நின்னமுங்க. நெனஞ்சுபோயி. அப்ப அத்தப் புடி, இத்தக் கட்டுன்னு பேசித்தான ஆவோணும். அப்புறம் நிறுத்தறதுக்குத் தெரியல."

மூன்று பேரும் சிரித்தோம். எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. பிறகு அவர்கள் மறுபடி தகரத்துக்குப் போனார்கள். நான் சாப்பிட்டேன். குழம்பு வேண்டுமா, மோர் வேண்டுமா என்பதைத் தவிர என்னிடம் கேட்பதற்கு அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை. ஒரு கட்டத்தில் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்ததும், வழக்கம்போல் நான் அந்த அம்மாள் பக்கம் முகத்தைத் திருப்பினேன். அதற்குள் அவரே சொல்லி, அந்த அம்மாளும் பதில் சொல்லியாகிவிட்டது. நான் தண்ணீர் எடுப்பதுபோல் சொம்பைத் தொட்டேன்.

வைகாசியில் அவர்கள் இருவரும் நாக்பூருக்குப் போவதாக முடிவு செய்தார்கள். யார் முதலில் பேச்செடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அது நான் இல்லாத நேரத்தில் நடந்த பேச்சு. கோழிகளைப் பார்த்துக்கொள்ளத் தன் அண்ணன் மகனை வரச் சொல்லியிருந்தார் அந்த அம்மாள்.

"ஒரு மாசம் ஆயிருமுங்க. அது வரைக்கும் ஓட்டல்ல காரமில்லாமப் பாத்துச் சாப்பிடுங்க சாமி" என்றார். கிளம்புகிற அன்று சேலம் பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். ஜன்னலோரம் அவர் உட்கார, தனக்குத்தான் ஜன்னல் வேண்டும் என்று அந்த அம்மாள் சொல்லி, அவர் எழுந்து மாறி உட்கார்ந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும்போது மருமகளையும் பேரனையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மகன் மழைக்காலத்தில் ரிக் வேலை நின்றதும் வருவானாம். சந்தையில் அந்த அம்மாளைப் பார்த்தபோது, "ஏன் வரலீங்க? ஞாயித்துக்கெழம வந்துபோடோணும்" என்று கண்டிப்பாகச் சொன்னார்.

போனேன். வீடு சத்தமாக இருந்தது. மூன்று வயதுப் பையன் எனக்கும் தாத்தாவுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டான். அவன் இந்தியில் ஏதோ கேட்பான். தாத்தா தமிழில் பதில் சொல்வார். அவனுக்கு அது போதுமாக இருந்தது. மருமகள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு எனக்குச் சோறு வைத்தாள். பருப்பு வேறு ருசியில் இருந்தது, அவள் வைத்ததாம். மாதச் சாப்பாட்டுப் பேச்சை நானும் எடுக்கவில்லை, அவர்களும் எடுக்கவில்லை. விருந்தாளியைக் கவனிப்பதுபோல் கவனித்தார்கள். கிளம்பும்போது வெற்றிலைத் தட்டை நீட்டினார் அவர். அதுவரை எனக்கு அவர் வெற்றிலைத் தட்டு நீட்டியதில்லை.

"அடுத்த வாரமும் வாங்க சாமி" என்றார் அந்த அம்மாள்.

"வாரேனுங்க" என்றேன்.

அந்த அம்மாள் சிரித்தார். "பாருங்க, எங்க பேச்சு வந்துருச்சு உங்களுக்கு."

அடுத்த வாரம் நான் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. ஆவணியில் சேலத்தில் வேறு வேலை கிடைத்து நாமக்கல்லை விட்டே வந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டிலிருந்து திரும்பியபோது பட்டறை பூட்டியிருந்தது. வயிறு எரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, மகன் வரப்போகிறான், பேரன் வந்துவிட்டான், இருவரும் பேசிக்கொள்கிறார்கள் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. நல்ல செய்திதானே. அண்ணனுக்கு ஒரு கார்டு போடலாமா என்று யோசித்தேன். அவருக்கு இவர்கள் யாரென்றே தெரியாது. முதலிலிருந்து சொல்ல வேண்டும். அவர்களுடைய இரண்டு விளம்பரங்களும் ஏஜென்ட் கை வழியாகத்தான் போயிருக்கும். அவர் கடை ஞாயிறு சாயங்காலம் அரைக்கதவு திறந்திருக்கும் என்று நினைவு வந்து, சட்டையை மாட்டிக்கொண்டு கடைவீதிக்கு நடந்தேன். கடை சாத்தியிருந்தது. கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன்.