முந்திரிக்காடு இருந்த இடம்

"பொட்டப்புள்ளைக்குக் குவாரியில என்னய்யா வேலை? வூட்ல ஆம்பளப் புள்ள இருந்தா கூட்டிட்டு வா," என்றார் சிமெண்ட் ஆலை ஆபீசர், சில வருடங்களுக்கு முன் என் அப்பாவிடம். நிலம் கொடுக்கும் வீட்டுக்கு ஒரு வேலை என்று சொல்லித்தான் எங்கள் முந்திரிக்காட்டை வாங்கியிருந்தார்கள். வீட்டில் பிள்ளை என்றால் நான் ஒருத்திதான்.

இன்று அரியலூர் பஸ்ஸில் யாரோ ஒரு அம்மாவின் கூடையிலிருந்து முந்திரிப்பழ வாசனை வந்ததும் அந்தக் காடு திரும்ப வந்தது: விழும் கொட்டை கண்ணில் பட வேண்டுமென்று அம்மா விடியலில் மரத்தடிச் சருகைக் கூட்டும் சத்தம், கொட்டையைத் திருகித் திருகிப் பால் பட்டு உரிந்த அவள் விரல்நுனி, தொண்டை கரகரக்காமலிருக்க உப்புத் தொட்டு நான் தின்ற பழம், எத்தனை துவைத்தாலும் பள்ளிச் சட்டையை விட்டுப் போகாத அதன் கறை. "கறைக்குப் பயந்தா காட்டுக்கு வராதடி," என்பாள் அம்மா.

இப்போது அங்கே மரமில்லை, சுண்ணாம்புக்கல் எடுத்த பெருங்குழிதான். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்த நான், அந்தக் குழியில் வேலை பார்க்கவென்றே சுரங்க டிப்ளமோ முடித்தேன்.

நேற்று அதே ஆபீசில், "அப்பா வரலியாம்மா?" என்று கேட்டார்கள்.

"வேலைக்கு வரப்போறது நாந்தான் சார்," என்று மனுவை நீட்டினேன். சீல் போட்ட ரசீதைக் கையில் வாங்கிய பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.