ஜிலாலியும் யம்னாவின் லைனும்

கணினியில் எந்தக் கட்டளையை அடித்தாலும், கடைசிப் பொத்தானை அழுத்தும் முன் ஜிலாலி நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். அவரோடு வேலை பார்த்த வருடங்கள் எல்லாம் இதைப் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்திருந்தால் கைக்குத் துணிச்சல் கூடிவிடும் என்பார்.

மெக்னெஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் நிறுவனம் மற்றவர்களின் சர்வர்களைப் பராமரித்துக் கொடுக்கிறது. ஒரே இயந்திரத்துக்குள் ஏழெட்டு சர்வர்கள் குடியிருக்கும். வெளியே போக எல்லாவற்றுக்கும் ஒரே வாசல். எதற்கு எவ்வளவு வழி என்று பிரித்துவிடுவது மெய்நிகர் சுவிட்ச். அது மென்பொருளுக்குள் இருக்கும், கையால் தொட முடியாது. அதை அமைப்பது ஜிலாலியின் வேலை. கெனிஃப்ராவில் பிறந்தவர். தொலைபேசிக் கம்பி இழுக்கும் வேலையில் தொடங்கி, மாலைக் கல்லூரியில் பொறியியல் முடித்தார். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். தவறே செய்யாத ஒரு மனிதரின் பக்கத்து இருக்கை கிடைத்திருக்கிறது என்று நினைத்தேன். அலுவலகமும் அவரை அப்படித்தான் நினைத்தது. அவரும் நினைத்திருக்கலாம்.

ரமலானுக்கென்று அவரிடம் ஓர் ஏற்பாடு உண்டு. சர்வர்களில் இருப்பதை நகலெடுத்து வெளியே அனுப்பும் பேக்கப் போக்குவரத்தைப் பகல் முழுதும் இறுக்கி வைப்பார். நோன்பு திறக்கும்போது ஊரே ஹரீரா சூப்புக் கிண்ணத்தின் முன் இருக்கும்; இணையத்தை யாரும் தொடமாட்டார்கள். அப்போது கட்டுப்பாடு தானாகத் தளர்ந்து, பேக்கப் முழு வேகத்தில் ஓடும்.

ஒரு ரமலானில் முதல் வாரமே புகார் வந்தது. அதே இயந்திரத்தில் ஒரு தனியார் ஆம்புலன்ஸ் சேவையின் தொலைபேசி சர்வரும் இருந்தது. அதற்கு வரும் அழைப்புகளை எடுப்பவர் எங்கள் மாடியிலேயே உட்கார்ந்திருந்த யம்னா. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள், ஒப்பந்த வேலை. நோன்பு திறக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது, எல்லோரும் வீட்டுக்குப் பறந்து வண்டிகள் மோதிக்கொள்ளும் அந்த வேளையில், லைன் தினமும் பாதியில் அறுந்தது.

"லல்லா யம்னா, அடுப்புல ஹரீராவ வச்சிட்டு வந்துட்டீங்களா? பேசிக்கிட்டிருக்கும்போதே போனை வச்சிடுறீங்களாமே," என்றார் மேலாளர்.

"நான் எங்க வச்சேன்? அதுவா அறுந்துபோகுது. எனக்குக் கேக்குது, அவங்களுக்குக் கேக்கல."

"தினமும் அதே நேரத்துக்கா? சிகரெட் இல்லாம நான் கத்துறேன், காப்பி இல்லாம நீங்க கத்துறீங்க. நோன்புக் கோபம்னு ஒத்துக்கங்க, இதுல என்ன வெக்கம்?"

மாடியே சிரித்தது. நோன்புக் கோபத்துக்கு எங்கள் நாட்டில் தனிப் பெயரே உண்டு. ரமலான் மாலையில் எது கெட்டாலும் பழி அதன் தலையில்தான் விழும். மறுநாள் யம்னாவைக் கோப்பு அடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். பெருநாளோடு ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிப்பது சந்தேகம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

அன்று பிற்பகல்தான் ஜிலாலி சுவிட்சின் எண்களைப் பார்த்தார். ரமலானுக்காக நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும். உள்ளே குடியிருந்த சர்வர்களின் கடிகாரங்களை எல்லாம் அவர் தள்ளியிருந்தார். அவற்றைச் சுமக்கும் இயந்திரத்தின் கடிகாரத்தை மறந்துவிட்டார். அது ஊருக்கு ஒரு மணி நேரம் முன்பே நோன்பு திறந்து, பேக்கப்பை அவிழ்த்துவிட்டு, வாசலை அடைத்துக்கொண்டிருந்தது.

எழுந்து நின்று சரிசெய்தார். இனி எந்தப் பேக்கப்பும் தொட முடியாதபடி, தொலைபேசிக் குரலுக்கென்று வாசலில் ஒரு பங்கையும் ஒதுக்கினார். அன்று மாலை லைன் அறுந்துபோகவில்லை. போனில் புது ஆள் உட்கார்ந்திருந்ததால், மேலாளருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

"மேலாளர்கிட்ட சொல்லிட்டீங்களா, ஸி ஜிலாலி?" என்று கேட்டேன்.

"இப்பப் போனா அந்த ஆளு கடிச்சு வச்சிடுவாரு தம்பி. பெருநாள் வரட்டும்."

"பெருநாளோட அவங்க வேலை போகுதே."

"அதுக்கு முன்னாடி சொல்லிடுவேன்ப்பா."

பெருநாள் நெருங்கியது. நானே மேலாளரிடம் போய்ச் சொன்னேன். "ஜிலாலி தப்புப் பண்ணாரா? நல்லா இருக்கு," என்று என்னை இழுத்துக்கொண்டு வந்து அவரிடமே கேட்டார். ஜிலாலி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சின்னதா சில திருத்தம் செஞ்சேன். வழக்கமா செய்யறதுதான்," என்றார்.

யம்னாவின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை.

போன இலையுதிர் காலத்தில் ஜிலாலி தோஹாவில் வேலை கிடைத்துப் போனார். கெட்ட மனிதர் என்று அவரை எழுத என்னால் முடியவில்லை. அவர் ஒதுக்கிய பங்கில்தான் இன்றும் ஆம்புலன்ஸ் அழைப்புகள் தடையில்லாமல் போகின்றன. பெயர் கெடும் என்று பயந்தால் நான் மட்டும் என்ன செய்வேன் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

யம்னா இப்போது எங்கள் ஊரின் ஹம்ரியா பகுதியில் ஒரு ரொட்டிக் கடையில் நிற்கிறார். நடந்ததை அவரிடம் சொன்னேன்.

"லைன்தான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றார். "தோஹாவுக்குப் போறதுக்கு முன்னாடி அவரு இங்க வந்தாருப்பா. பிள்ளைங்க எப்படி இருக்காங்கன்னாரு. மழை இல்லையேன்னாரு. எனக்குப் புரிஞ்சுது, சொல்லத்தான் வந்திருக்காருன்னு. வரிசைய ஓரமா நிக்கச் சொல்லிட்டு நானும் காத்திருந்தேன்."

"அப்புறம்?"

"ரொட்டிய வாங்கிட்டுப் போயிட்டாரு."

"நான் வேணா ஆபீஸ்ல மறுபடியும்..."

"நீ எதுக்குச் சொல்லணும்? அவரு சொல்லணும். அந்த மாடியில, சிரிச்சவங்க முன்னாடி."

யம்னா கேட்டதைச் சொல்லி, தோஹாவுக்கு இரண்டு முறை எழுதினேன். ஜிலாலி பதில் போட்டார். யம்னாவின் நலம் மட்டும் விசாரித்திருந்தார்.