தானாகத் தொடங்கியதா?

பகல் மூன்று மணிக்கு நடந்தது. தூக்கக் கலக்கம் என்று யாரும் தள்ளிவிட முடியாது. நான் வாதாடப் போவதில்லை. பதிவு இருக்கிறது.

நானும் என் கணவரும் ஒரே ஆய்வுக்கூடம். மின்சாரம் போனாலும் நேரம் தவறாத கடிகார சிப்புகளை அவர் வடிவமைப்பார், நான் சோதிப்பேன். சிப்பை ஓட்டுவது அரிசியளவு கிரிஸ்டல் ஒன்று. விநாடிக்கு 32,768 முறை அதிரும். ஒரே பட்டன் பேட்டரியில் பத்து வருடம் ஓடவேண்டும் என்று மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டே போனார். அதனால் குளிரில் சில கிரிஸ்டல்கள் அசைய மறுக்கும். விரலால் லேசாகத் தொடுவார். மோதிரம் சர்க்யூட் பலகையில் 'டிக்' என்று படும். கிரிஸ்டல் ஓடத் தொடங்கிவிடும்.

"உங்க விரலையும் சேர்த்துத்தான் விப்பீங்களா?"

"கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்த் தொட்டுட்டு வரேன், போதுமா?"

மாரடைப்பில் அவர் போய் ஏழாவது வாரம். ஞாயிற்றுக்கிழமை. அவருடைய கடைசி சிப்பைச் சோதிக்கத் தனியாகப் போனேன். பக்கத்து நாற்காலியில் அவர் ஸ்வெட்டர் அப்படியே தொங்கியது. எட்டு மாதிரிகள், மைனஸ் நாற்பது டிகிரி குளிர்பெட்டிக்குள். எட்டும் தானாகத் தொடங்கினால் அவர் உழைப்பு நிலைக்கும். ஒன்று தவறினாலும் குப்பைக்கூடைதான்.

2.50. ஏழு ஓடின. எட்டாவதற்குத் திரையில் வெறும் நேர்கோடு.

3.05. அவருடைய நண்பர், எங்கள் குழுத்தலைவர், போனில் வந்தார்.

"என்ன அண்ணி, ஆச்சா?"

"ஏழு."

"கதவைத் திறந்து ஒரு தட்டு தட்டிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

வைத்துவிட்டேன். பெட்டியின் விசிறிச் சத்தம் மட்டும்.

3.17. அந்தச் சத்தமும் தணிந்தது.

டிக்...

பெட்டிக்குள்ளிருந்து.

அவர் மோதிரம் என் கைப்பையில் இருக்கிறது.

நேர்கோடு நடுங்கியது...

அலையானது.

ஓடியது.

கதவை நான் தொடவே இல்லை.

மறுநாள் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். கதவு திறக்கப்படவில்லை. ஒவ்வொரு கிரிஸ்டலிலும் ஒரு வெப்ப உணரி ஒட்டியிருப்போம். ஏழும் மைனஸ் நாற்பதிலேயே இருந்தன. எட்டாவது மட்டும், 3.17க்கு, ஆறு விநாடி... முப்பத்துமூன்று டிகிரி.

அந்த உணரியைப் பிரித்தெடுத்து என் விரலை வைத்துப் பார்த்தேன்.

முப்பத்துமூன்று.

வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

அறிக்கையில் கடைசிக் கட்டம்: 'எட்டாவது மாதிரி தானாகத் தொடங்கியதா?'

இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.