ஒன்பதாம் அத்தியாயத்தில் மூழ்கிய படகு

நான் வாழ்நாளில் ஒரே ஒரு படகைத்தான் மூழ்கடித்திருக்கிறேன், அதுவும் காகிதத்தில். அதற்கே காசிமேட்டில் ஆறு பேர் கடலுக்குப் போக மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

எனக்கு வீடு ராயபுரம், வேலை தண்டையார்பேட்டையில் ஒரு கிடங்கின் வாசலில். உள்ளே வரும் லாரிகளுக்கு கேட் பாஸ் போட வேண்டும். லாரிக்கும் லாரிக்கும் நடுவே கிடைத்த நேரத்தில் ஒரு நாவல் எழுதினேன். அந்த மேஜையில் உட்கார்ந்து எழுதியதாலோ என்னவோ, கதாபாத்திரங்களும் என்னிடம் பாஸ் வாங்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும், வெளியே போக வேண்டும் என்று ஒரு திமிர் இருந்தது. கதை நான் போடுகிற ரூட்டு, ஆட்கள் அதில் ஓட வேண்டியதுதானே.

நாவலின் நாயகன் ஒரு விசைப்படகு டிரைவர். அவரைக் கற்பனையில் கண்டெடுத்தேன் என்று சொன்னால் என் தெருவே சிரிக்கும். பக்கத்து வீட்டு மாமாதான். அதே இடதுகால் இழுப்பு. பேசப் போகிறவர் மாதிரி தொண்டையைச் செருமிவிட்டுப் பேசாமலே இருந்துவிடும் அதே பழக்கம். தலையே போனாலும் யாரிடமும் உதவி கேட்காத அதே வீம்பு. அவர் படகின் பெயரையும் அப்படியே வைத்துவிட்டேன், கடைசியில் மாற்றிக்கொள்ளலாம் என்று. அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். பட்டது போதும்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. இரண்டு மாதம் விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். மாமாவின் மனைவி மீன் விற்கிறவர், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். கூடை காய்ந்து கிடந்ததால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராக என் வீட்டுக்கு வந்துவிடுவார். வாரம் ஓர் அத்தியாயம் படித்துக் காட்டுவேன்.

"அய்ய, அப்டியே எங்க ஆளு," என்று தொடையில் தட்டிக்கொள்வார். "பொஸ்தகத்துலயும் வாயத் தொறக்க மாட்டானா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கேற்ப, நாவலை அனுப்பி வைத்திருந்த பதிப்பாளரும் போன் செய்தார். ஒன்பதாவது அத்தியாயத்துக்காகத்தான் நாவலைப் போடுவதாகவும், அதில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்றும் சொன்னார். அந்த அத்தியாயத்தில் படகின் பின்பக்கம் தண்ணீர் ஏறுகிறது. டிரைவர் யாரையும் கூப்பிடவில்லை. படகு மூழ்குகிறது. கரையில் மனைவி காத்திருக்கிறாள். போன் வந்த அன்று இரண்டு லாரிக்கு ஒரே பாஸைக் கொடுத்து அனுப்பினேன், அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த ஞாயிறு அதை அக்காவுக்கு ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். அழுவார் என்று எதிர்பார்த்தேன். அக்கா எழுந்தார், செருப்பை மாட்டினார், பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் பக்கம் படகில் போனவர்களைப் பற்றி அபசகுனமாக ஒரு வார்த்தை யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். "இன்னும் வரலியா" என்றுகூடக் கேட்பதில்லை, "வந்துகினு இருப்பான்" என்றுதான் சொல்வார்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான், பெயர் சொல்லி, இடம் சொல்லி, ஏழு பேரோடு ஒரு படகை மூழ்கடித்து, அதை அந்த வீட்டுப் பெண்ணிடமே உரக்கப் படித்திருக்கிறேன். கதை என்று வந்துவிட்டால் எனக்கு மூளை வேலை செய்வதில்லை.

திங்கட்கிழமை சாயந்திரம் வலை பின்னும் கொட்டகைக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். தடை முடிய மூன்று நாள்தான் இருந்தது. படகுக்குப் புது பெயின்ட் அடித்தாயிற்று, ஃபாதர் தீர்த்தம் தெளித்தாயிற்று, எதற்கும் இருக்கட்டும் என்று பூசணிக்காயும் வாங்கி வைத்திருந்தார்கள். மாமாவோடு போகும் ஆறு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாமா ஓரமாக வலை தைத்துக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்க்கவில்லை.

படகின் சமையல்காரர்தான் பேசினார். "நீ முழுகட்ச்ச போட்டை நீயே கரைக்கு இட்டுகினு வா. அப்பாலதான் நாங்க ஐஸ் ஏத்துவோம்."

"பேரை மாத்திடறேன் அண்ணா."

"பேர மாத்தினா? காலை இஸ்த்துகினு நடக்குறான், தொண்டைய செருமிகினு கம்முனு கீறான். அது யாருன்னு எங்களுக்குத் தெரியாதா?"

எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். உள்ளே துள்ளிக்கொண்டிருந்தது. இதைவிடப் பெரிய விமர்சனம் எனக்கு யார் எழுதப் போகிறார்கள்? ஆனால் நிலைமை துள்ளுகிற மாதிரி இல்லை. படகைக் கரையேற்றினால் என் புத்தகம் வராது. ஏற்றாவிட்டால் இரண்டு மாதமாக அரைகுறையாக எரிந்த ஏழு அடுப்புகள் இன்னும் எத்தனை நாள் அப்படியே கிடக்குமோ தெரியாது.

சரி, எப்படிக் காப்பாற்றலாம் என்று கேட்டதுதான் தாமதம். ஒருவர் ஹெலிகாப்டர் வரச் சொன்னார். ஒருவர் மாதாவை வரச் சொன்னார். சமையல்காரர் ஒரு சுறாவை வரச் சொன்னார், அது எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. மேலேயிருந்து வந்து விழுகிற உதவி கதையில் செல்லாது என்று விளக்கினேன்.

"முன்ன வேற போட்டுல போய் எர்ணாவூர் தாண்டி நாங்க நின்னுகினு இருந்தப்ப அப்டித்தானே ஒரு போட்டு வந்துச்சி. நெசமா நடந்துச்சிமா," என்றார் சமையல்காரர்.

"நெசமா நடந்தா போதாது அண்ணா. கதையில படிக்கிறவன் நம்பணும்."

"அப்ப நெசம் பொய்யி, உன் பொய்யி நெசமா? பேஜாரா கீதே உன் தொழிலு."

பிறகு அவர்கள் அத்தியாயத்தைப் பிரித்து மேய ஆரம்பித்தார்கள். அந்த நேரத்தில் எவனும் தண்ணீர் இறைக்கிற பம்பை நிறுத்த மாட்டான் என்றார்கள். ஐஸ் பெட்டியின் மூடி மிதக்கும், நான்கு பேர் அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்றார்கள். நான் எழுதிய வேகத்தில் தண்ணீர் ஏறினால் முழுதாக அரை மணி நேரம் இருக்கிறது, வயர்லெஸ்ஸும் வேலை செய்கிறது, பக்கத்தில் நாலு படகு நிற்கிறது என்றார்கள். இவ்வளவு நல்ல வாசகர்கள் எனக்கு அதற்குப் பிறகு கிடைக்கவே இல்லை.

"அப்ப இன்னாத்துக்கு கூப்புடல அந்தாளு?" என்றார் சமையல்காரர்.

"அதான் அண்ணா கதையே. அவர் கூப்பிட மாட்டார். கூப்பிட்டா அது அவரே இல்ல."

எல்லாத் தலையும் ஓரத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த மாமா பக்கம் திரும்பியது. அதில் ஒருவருக்கும் மறுப்பு இல்லை. பத்து வருஷம் முன்பு இன்ஜின் நின்றுபோய் இரண்டு நாள் மிதந்து கிடந்தபோதும் அவர் யாரையும் கூப்பிடவில்லை. தானே சரிசெய்து ஓட்டிக்கொண்டு வந்தார். அதை அவர்களே பெருமையாகச் சொல்லுவார்கள்.

மாமா தொண்டையைச் செருமினார். வழக்கம்போல அதோடு முடிந்தது என்று நினைத்தோம்.

"கூப்புடுவேன்," என்றார்.

ஊசி நின்றது. அவர் வலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கரையில இவ குந்திகினு கீறத எழுதிக்கீறியே. மடியில டிபன் கேரியரு. காலையில ஒரு தபா, சாயந்தரம் ஒரு தபா வூட்டுக்குப் போயி சூடு சோறு மாத்தினு வர்றது. நேத்து இவ நீ எழுதினத சொல்லிகினே அழுதா. அது நெசமா?"

நிஜம்தான். அந்த இரண்டு நாளும் நான் பார்த்தேன். மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அக்கா உட்கார்ந்திருந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, உள்ளே வருகிற படகுகளின் நம்பரை மட்டும் பார்த்தார். மாமா வந்து இறங்கியதும், "வந்துட்டியா, நான் நல்லா தூங்கினேன்," என்று சொல்லிக் கேரியரை நீட்டினார். மாமாவுக்குக் கடல் பக்கத்துக் கதைதான் தெரியும். கரைப் பக்கத்தைப் பத்து வருஷமாக யாரும் சொல்லவில்லை. நான்தான், நாயகனுக்கு மட்டும் தெரியாமல், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுதி வைத்திருந்தேன்.

"நெசந்தான் மாமா," என்றேன்.

"அப்ப கூப்புடுவான்னு எழுது."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். வெட்கமே இல்லாமல் இன்னொன்றையும் சொல்கிறேன், அந்த நேரத்திலும் எனக்கு ஒரே குஷி. ஒரு நாவல் முழுக்க இந்த மனிதரைத் தெரியும் என்று எழுதிவிட்டு, ஒரே வார்த்தையில் தோற்றுப்போயிருந்தேன். ரூட்டு போட்டவள் நான், வண்டியை வேறு பக்கம் திருப்பியவர் அவர். அந்தத் திருப்பம்தான் சரி என்று உடம்பு முழுக்கத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். மதியத்துக்குள் எழுதி முடித்துக் கொட்டகையில் படித்தேன். டிரைவர் வயர்லெஸ்ஸை எடுக்கும் இடத்தில் சமையல்காரர் எழுந்து நின்றுவிட்டார். படித்து முடிந்ததும் ஒருவரும் பாராட்டவில்லை, ஐஸ் ஏற்றப் போய்விட்டார்கள். பதிப்பாளருக்கு அனுப்பினேன். சாவை எடுத்துவிட்டால் நாவலில் என்ன மிச்சம் என்று கேட்டார். இதுவரை புத்தகம் வரவில்லை.

தடை முடிந்த அன்று காலையில் பூசணிக்காய் உடைத்துப் படகு கிளம்பியது. நானும் அக்காவும் துறைமுகத்துக் கல்மேட்டில் நின்றோம். படகு சின்னதாகிக்கொண்டே போனது. கொஞ்ச தூரம் போனால் செல்போனில் டவர் கிடைக்காது. அதற்குச் சற்று முன்னால் அக்காவின் போன் அடித்தது. மாமாவின் நம்பர். கடலில் இருந்து அவர் கூப்பிட்டதே இல்லை என்பதால் அக்கா எடுத்த எடுப்பிலேயே கத்தினார்.

"இன்னா ஆச்சி? இன்னாயா ஆச்சி?"

எனக்கும் கேட்கிற அளவுக்கு இன்ஜின் சத்தம். அதன் நடுவே தொண்டையைச் செருமும் சத்தம்.

"ஒண்ணும் ஆவல. சும்மா கூப்ட்டேன்."

லைன் போய்விட்டது. அக்கா அதற்குப் பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு இடுப்பில் செருகிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இத எழுதிடாதடி," என்றார்.

நானும் தலையாட்டினேன்.