கடல் சரியில்லாத ஏழு நாள்

உத்திராபதி என்ற பெயரை நான் முதலில் கேட்டது, என் நாத்தனார் மகள் கொளஞ்சிக்கு மாப்பிள்ளை தேடியபோது. "ஒரு வரி எழுதுனா ரெண்டு தடவ படிச்சிப் பாக்குற ஆளு" என்றார்கள். திருவந்திபுரத்தில் தாலி கட்டினார்.

கடலூரில் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கப்பல் மேடை கட்ட வந்தபோது அங்கே வாட்ச்மேன் ஆனார். காலை ஆறு மணிக்குக் கரையில் நிற்பார். கண்ணைச் சுருக்கிக் கடலைப் பார்ப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு நோட்டில் எழுதுவார்: இன்று வேலை உண்டா, இல்லையென்றால் ஏன்.

2009இல் கட்டச் சொன்னவர்களே வேலையை நிறுத்திவிட்டார்கள். கம்பெனி நஷ்டஈடு கேட்டு சிங்கப்பூரில் நடுவர்கள் முன்னால் வழக்குப் போட்டது. மிஷின் சும்மா கிடந்த நாளுக்கெல்லாம் இவர் நோட்டுதான் சாட்சி.

"கோர்ட்டு இல்லியாம், கூண்டு இல்லியாம், டவாலியும் இல்லியாம் அத்தை. மூணு பேரு மேசையில ஒக்காந்து தீர்ப்பு சொல்லுவாங்களாம். அப்ப யாருக்குத்தான் பயப்புடுறது?" என்று என்னிடம் கேட்டார் உத்திராபதி.

எதிர்த்தரப்பு ஏழு நாளைப் பிடித்துக்கொண்டது. நோட்டில் 'கடல் சரியில்லை'. வானிலைக் காகிதத்திலோ அலையே இல்லை. ஏழு பொய் என்றால் மூன்று வருட நோட்டும் பொய் என்றார்கள்.

விஷயம் வேறு. ஊரில் சாவு விழுந்தால் யாரும் கடலில் இறங்க மாட்டார்கள், வேலைக்கும் வர மாட்டார்கள். பிள்ளையார் சுழி போட்ட நோட்டில் சாவு என்று எழுத இவருக்குக் கை வரவில்லை.

2011இல் கடலூர் ஓட்டல் அறையில், டி.வி. பெட்டி முன்னால் உட்காரவைத்து, சிங்கப்பூரிலிருந்தபடியே கேள்வி கேட்டார்கள். துணைக்கு நான். "நடந்தத அப்படியே சொல்லுங்கய்யா, நோட்டு நின்னுடும்" என்றார் கம்பெனி வக்கீல் கதிரவன்.

தேதி தேதியாக வந்தது.

"அது சாமிக்கண்ணு மாமா செத்த நாளுங்க."

"அது தைலம்மா."

ஆறு பேரைச் சொல்லிவிட்டார். ஏழாவது தேதி, கொளஞ்சி கண்ணை மூடிய நாள். அன்றைக்கும் ஆறு மணிக்குப் போய் எழுதிவிட்டு வந்துதான் பாடை கட்டினார்.

"கடல் சரியில்லீங்க" என்றார்.

"அய்யா, அலை அடிச்சுதா?" மொழிபெயர்க்கிற பெண் மறுபடி கேட்டாள்.

"நான் நின்னு பாத்தேம்மா. சரியில்ல."

நானாவது சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

தீர்ப்பு இருநூறு பக்கமாம். நோட்டு செல்லும், அந்த ஒரு நாள் மட்டும் பொய் என்று எழுதியிருக்கிறார்களாம். அவர் ஜெயித்தாரா தோற்றாரா, எனக்கு விளங்கவில்லை.

உத்திராபதி இப்போது கிள்ளையில் மகள் வீட்டில் இருக்கிறார்.