நான் வித்தது நோய் மரமில்லை, அங்கிள்

இல்லை அங்கிள், நான் உங்களுக்கு நோய் மரம் விக்கேல்லை. எங்கட சனம் முழுக்க இருக்கிற ஒன்லைன் தோட்டக் குரூப்பில, "காய்க்காத நோய் மரத்தைத் தலையில கட்டிப்போட்டாள்" எண்டு என்ர பேரையும் போட்டு எழுதியிருக்கிறியள். அதை வாசிச்ச எங்கட மரக்கண்டுக் கடை மனேஜர் அண்ணை, "உது அதில கிடக்குமட்டும் உமக்குச் சனி ஞாயிறு வேலை இல்லை" எண்டிட்டார். கம்பஸில படிக்கிற எனக்கு சனி ஞாயிறை விட்டால் வேற நாளே இல்லை.

மரம் விக்கிற வேலை எண்டால் மரத்தோடதான் மாரடிக்கவேணும் எண்டு நம்பி வந்தனான். மரம் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. கடைக் கவுண்டருக்குப் பின்னால நிண்ட ஆக்களுக்கு நான் சொல்லுறது விளங்கும். மிச்சாக்கள் இருந்து கேளுங்கோ.

சாமிக்குப் போன மக்னோலியா

கம்பஸ் லீவில நானும் கடையில நிண்ட நேரம், வோபர்ன் பக்கத்து அன்ரி ஒராள் பூமரம் வாங்க வெள்ளிக்கிழமை பாத்து வந்தா. கடை வாசல்ல பூத்துக் குலுங்கிக்கொண்டு நிக்கிற மக்னோலியாவைச் சுத்திச் சுத்தி வந்து விலை கேட்டா. நான் உள்ளுக்குப் போய் விலை பாத்துக்கொண்டு வாறதுக்கிடையில மரம் மொட்டை. அன்ரியின்ர ஹாண்ட்பாக்தான் பூத்திருக்கு. "அன்ரி, உது விக்கிற மரமெல்லோ" எண்டன். ஆள் அசையேல்லை.

"நான் என்ன என்ர தலைக்கு வைக்கவோ பிடுங்கினனான்? உன்ர கடைக்கும் சேத்துத்தான் கும்பிடுவன், போ பிள்ளை."

ஓகஸ்ட்டில பூக்கிற செரி

அஜக்ஸில புது வீடு வாங்கின அண்ணை ஒருத்தர். மகளுக்கு ஓகஸ்ட்டில கலியாணம். வீட்டு முன்னால செரி மரம் வேணுமாம், அது ரோஸ் கலர்ல முழுக்கப் பூத்து நிக்க, கீழ பொம்பிளை மாப்பிள்ளை நிக்கவேணுமாம். "செரி மே மாசம் ஒரு கிழமைதான் பூக்கும் அண்ணை, பிறகு வெறும் இலைதான்" எண்டன். ஓரமாப் போய் நிண்டு கனநேரம் போனில சண்டை பிடிச்சார். திரும்பி வரேக்க முகம் தொங்கிப்போச்சு.

"கலியாண ஹோல்காரன் ஓகஸ்ட்டை விட்டு அசையமாட்டானாம். நீர் ஒருக்கா மரத்தோட கதைச்சுப் பாரும் தங்கச்சி."

டிரைவ்வேக்கு ரெண்டு பக்கமும்

இனி நீங்கள், அங்கிள். நான் வேலைக்குச் சேந்த புதுசில மார்க்கம் ரவுணில இருந்து வந்து, கார் விடுற டிரைவ்வேக்கு ரெண்டு பக்கமும் வைக்க ஒரே மாதிரி ரெண்டு ஹேசல்நட் கொட்டை மரம் கேட்டியள். ஒரே வகை ரெண்டு வைச்சால் காய்க்காது, ஒண்டின்ர மகரந்தம் காத்தில மற்றதுக்குப் போகவேணும், அதால ரெண்டு வகை வேணும் எண்டு சொன்னது ஆர்? நான். கொப்பெல்லாம் கறுப்புக் கட்டி வந்து காயிற நோய் வருத்தம் ஒண்டு இஞ்ச ஹேசல்நட்டைக் கொல்லும், இவை ரெண்டும் அதைத் தாங்கிற வகை எண்டு லேபலைக் காட்டினது ஆர்? அதுவும் நான். அந்த ரெண்டு வகையையும் உங்கட வானுக்குள்ள ஏத்தேக்க நீங்கள் சொன்னது இப்பவும் ஞாபகம் இருக்கு.

"எனக்குத்தான் பிரஷரும் சுகரும். மரமாவது வருத்தமில்லாமல் இருக்கட்டும்."

கறுப்புப் பை

போன வருசம் காய்ச்சது. கிண்ணம் நிறையக் காயோட நீங்கள் நிக்கிற படம் குரூப்பில கிடக்கு. அதில மட்டும் என்ர பேர் இல்லை. இந்த வருசம் ஒரு காயும் இல்லை. ஏன் எண்டு மண்டையைப் போட்டு உடைச்சிட்டு, பஸ்ஸுக்குள்ள இருந்து உங்கட பழைய படங்களைப் போனில தட்டிக்கொண்டு போனன். போன விண்டர் படம் ஒண்டு. பனிக்குள்ள நிக்கிறியள், கையில கத்தரிக்கோல், காலடியில கறுப்புப் பை. பை நிறைய வால் வாலா மண்ணிறத்தில ஏதோ. நான் சிரிச்ச சிரிப்பில பக்கத்தில இருந்த மனுசி எழும்பி வேற சீட்டுக்குப் போயிற்றா.

அங்கிள், அது ஆண் பூ. விண்டர் முழுக்கத் தொங்கிக்கொண்டு நிண்டு, பனி கரையேக்க மகரந்தம் கொட்டிறது அதுதான். அதில ஒண்டு மிச்சம் விடாமல் நறுக்கிப்போட்டு, படத்துக்குக் கீழ நீங்களே எழுதியிருக்கிறியள்:

"ரெண்டு மரத்திலயும் தொங்கின புழுவெல்லாம் கிளியர். இனி நோய் கிட்டவும் வராது."

படத்தை மனேஜர் அண்ணைக்குக் காட்டினன். அவரும் சிரிச்சார், சிரிச்சுப்போட்டு "எழுதினவர்தான் அதை மாத்தவேணும்" எண்டிட்டார். இந்த வேலையில நான் படிச்சது இவ்வளவுதான்: வருத்தத்தைத் தாங்கிற மரம் இருக்கு, வாங்கிக்கொண்டு போறவரைத் தாங்கிற மரம் இன்னும் கடைக்கு வரேல்லை.

அதால அங்கிள், இன்பொக்ஸுக்குள்ள வந்து "ஐ ஆம் சொறி பிள்ளை" எண்டு ஸ்மைலி போடாதேங்கோ. அதே குரூப்பில, எல்லாரும் பாக்க, சனிக்கிழமைக்கு முதல் பதில் எழுதுங்கோ: அந்தக் கறுப்புப் பைக்குள்ள இருந்தது புழுவோ, பூவோ?